பவானி டீச்சரின் மூன்றாவது கியர்

கருகிய ஒட்டோ கியர் ஒயிலின் நெடி ஒரு தடவை மூக்குக்குள் போய்விட்டால் அப்புறம் வெளியே வராது. சுட்ட றப்பரும் அடிப்பிடித்த சீனிப்பாகும் கலந்த மாதிரி இருக்கும். போன கிழமை கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு முன்னால் நின்றிருந்தேன். நெரிசலில் ஊர்ந்துபோன ஒரு பழைய வெள்ளைக் காரின் பின்னாலிருந்து அந்த நெடி வந்தது. என் பஸ்ஸும் வந்து நின்றது. கால்கள் பஸ்ஸுக்குப் போகவில்லை, காருக்குப் பின்னால் போயின. சிவப்பு விளக்கில் கார் நின்றதும் குனிந்து கண்ணாடியைத் தட்டினேன்.

ஓட்டியவர் இளைஞர். கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஒண்ணும் வேணாம் அங்கிள்" என்றார்.

"நான் ஒண்ணும் விக்க வரல தம்பி. ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்கு மாறுறப்ப, இஞ்சின் சும்மா கத்திட்டு அப்புறந்தானே வண்டி புடிக்குது?"

"ஆமா. எப்புடித் தெரியும்?"

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற த்ரீவீலர்கள் ஹோர்ன் அடித்தன. "ஒயில மாத்திடாதீங்க, மொதல்ல யார்கிட்டயாவது காட்டுங்க" என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டதோ இல்லையோ. கார் போய்விட்டது. பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த பஸ் வரும் வரை அந்த நெடிக்குள்ளிருந்து என் பழைய கராஜ் காலத்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள்.

முதுகெலும்பில் இரண்டு தட்டு விலகிவிட்டது, இனி வண்டிக்குக் கீழே படுக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதால் ஐம்பதைத் தாண்டிய கையோடு வேலையை விட்டவன் நான். உட்கார்ந்திருக்கத் தெரியாதவனை உட்காரவைத்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த கெலிஓயா கராஜில் இப்போது இருக்கிற பையன்கள் அடிக்கடி போன் எடுப்பார்கள். அவர்களிடம் ஸ்கேனர் இருக்கிறது. காரில் செருகினால் நோயைத் திரையில் எழுதிக் காட்டும். அதை நான் குறை சொல்லப்போவதில்லை. எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் என் முதுகு இன்றைக்கும் நிமிர்ந்திருக்கும். ஆனால் ஸ்கேனர் செருக இடமே இல்லாத கார்கள் இன்னும் இந்த மலைகளில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. "அண்ணே, அந்த மாதிரி வந்தா எங்கேயிருந்து தொடங்குறது?" என்று கேட்கிறார்கள். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொடக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு கைவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிய மனமில்லை. மாமா ஒருவர் கொண்டுபோய் கெலிஓயாவில் நிஸார் நானாவின் கராஜில் விட்டார். முதல் வருடங்கள் மண்ணெண்ணெயில் கழிந்தன. கழுவினேன், துடைத்தேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், தவறான ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். பிறகு மெனுவல் கியர் பெட்டிகளைக் கழற்றவிட்டார். கடைசியாகத்தான் தானாகக் கியர் மாறும் ஒட்டோ. அதற்குள் எனக்கு மீசை முளைத்து, அதில் ஒயிலும் படிந்திருந்தது.

நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்; முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உயரமான, எலும்பான ஆள். தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் தொப்பி இருந்த கோடு தெரியும். சத்தம் போட மாட்டார், ஆனால் வார்த்தையால் குத்துவார். நான் இறுகிப்போன நட்டை மெதுவாகத் திருப்பினால், "மனோ, நட்டுக்கு நோவும்னு பாக்கிறியா?" என்பார். அவசரப்பட்டால், "ஒனக்கு ரயிலா போகப்போகுது?" நல்ல வேலைக்கு என்ன சொல்வார் என்று கேட்டால், ஒன்றும் சொல்ல மாட்டார். பால் விடாத பிளேன்டீயில் பாதியை என் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. எங்கள் பக்கத்தில் காரை ஓட்டுவது ஒருவர், கராஜுக்குக் கொண்டுவருவது இன்னொருவர். மனைவி ஓட்டுகிற காரைக் கணவர் கொண்டுவருவார். மகள் ஓட்டுகிற காரை வாப்பா கொண்டுவருவார். கராஜ் என்றால் ஆம்பிளைகள் இடம் என்று ஒரு நினைப்பு. வந்தவர் நோயைத் தன் கற்பனைக்குச் சொல்லுவார். நானா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி. ஓட்டுற ஆளக் கூட்டிக்கொண்டு வாங்க" என்பார். அந்த ஆள் வரும் வரை கார் ஓரமாக நிற்கும்.

ஓட்டுகிற ஆள் வந்ததும் நானா முன்னால் உட்கார மாட்டார். செருப்பைக் கராஜ் வாசலில் கழற்றிவிட்டு, பின் சீட்டின் நடுவில் ஏறி, காருக்குள் முதுகெலும்புபோல ஓடுகிற அந்த மேட்டின் மேல் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாள் இதைப் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன்.

"முன்னுக்கு இருந்தா கண்ணு ரோட்டப் பாக்கும்" என்றார் அவர். "பின்னுக்கு இருந்தாத்தான் காலுக்குக் கேக்கும்."

ஒயில் விஷயத்திலும் அப்படித்தான். கலகெதரவில் கொப்பரா வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்து, ஒயில் கறுத்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்றார். நானா ஒயில் அளக்கிற குச்சியை இழுத்து, விரலில் தொட்டு முகர்ந்து, பழைய செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டு அது பரவுவதைப் பார்த்தார்.

"மாத்த ஏலா முதலாளி. கிளச் பிளேட்டெல்லாம் தேஞ்சு, அந்தத் தூளு ஒயில்ல கலந்து ஈக்கி. அந்தக் கறுப்புதான் இப்ப பிளேட்ட வழுக்காமப் புடிச்சிட்டு ஈக்கி. புதுசு ஊத்தினா கழுவிட்டுப் போயிரும். ஒண்டு முழுசாத் தெறக்கணும், இல்லாட்டி இப்படியே பதமா ஓட்டணும்."

"பாஸுக்கு வேலை வேணாம் போல" என்று முதலாளி சிரித்துக்கொண்டே போய், வேறொரு இடத்தில் மாற்றிக்கொண்டார். கொஞ்ச நாளில் அதே கார் ஒரு லொறியின் பின்னால் கயிற்றில் வந்தது.  நானா முதலாளிக்குக் கதிரை போட்டு, டீ வரவழைத்து, எனக்கு ஜாக்கியைக் காட்டினார்.

இனி பவானி டீச்சர்.

நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் சிவநாதன் என்பவர் ஒரு பழைய சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒட்டோ கியர். ஏற்றத்தில் வழுக்குகிறது. இறங்கியவுடனேயே அவர் முடிவோடு இருந்தார்.

"ஒட்டோவத் தூக்கிட்டு மெனுவல் போட்டுருங்க பாஸ்."

இது எங்களுக்குப் புதிதில்லை. ஒட்டோவின் சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் விலை. அதனால் பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு, கிளச் மிதிக்கிற சாதாரண கியரைப் பொருத்திக் கொடுப்போம். கெலிஓயாவில் அதற்கு நானாதான் பேர் போனவர். அந்தக் காருக்கு ஏற்ற மெனுவல் பெட்டி ஒன்று எங்கள் தட்டிலேயே சும்மா கிடந்தது. நான் ஏற்கனவே அதை எட்டிப் பார்த்துவிட்டேன்.

"ஆரு ஓட்டுற?" என்றார் நானா.

"வீட்டு வண்டிதான்."

"அது வெளங்குது. ஆரு ஓட்டுற?"

"தங்கச்சி."

"அவங்கள வரச் செல்லுங்க."

"அவ எதுக்குங்க? அவளுக்கு இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது."

"தெறக்கும் வரைக்கும் எனக்கும் தெரியாது."

மறுநாள் ஒரு த்ரீவீலர் வந்தது. முதலில் ஒரு ஊன்றுகோல் இறங்கியது, பிறகு பவானி டீச்சர், கடைசியாக அண்ணன் சிவநாதன். டீச்சர் நாற்பதுகளில் இருப்பார். சிறு வயதில் போலியோ வந்த இடது காலில் முழங்காலுக்கு மேல்வரை இரும்புப் பட்டை. ஹந்தானை மேட்டில் வீடு; பேராதனை, கெலிஓயா, கலஹா என்று ஓடி ஓடி உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வணிகம் படிப்பிக்கிறவர். காரைப் பார்த்தார், அதன் பக்கத்தில் நான் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்த மெனுவல் பெட்டியைப் பார்த்தார்.

"இது எதுக்கு?" என்றார் என்னிடம்.

நான் சிவநாதனைப் பார்த்தேன்.

"மெனுவல் போடச் சொல்லிருக்கேன்" என்றார் அவர், தரையைப் பார்த்து.

"கிளச்ச எந்தக் காலால மிதிக்கிறதுண்ணே?"

 சிவநாதன் தொண்டையைச் செருமினார். "நீ இனி ஓட்ட வேணாம்னுதான். நான் கொண்டுபோய் விடுறேன்."

"நீ கடைய விட்டுட்டு வருவியா? காலையில பேராதனை, மத்தியானம் கலஹா. மொதலாளி விடுவாரா?"

"அன்னைக்கு வளைவுல வண்டி பின்னுக்குப் போச்சே, மறந்துட்டியா? தண்ணி போற கான்ல டயர் மாட்டினதால நின்னுச்சு. அந்தப் பக்கம் போயிருந்தா கீழ என்ன இருக்கு? தேயிலை. அதுக்கும் கீழ?" அவர் வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த எடத்த நான் தெனம் தாண்டிப் போறேன் பவானி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் காரைக் கொண்டுவரவில்லை, பயத்தைக் கொண்டுவந்திருக்கிறார் என்று. தங்கையிடமிருந்து காரைப் பிடுங்க அவருக்கு வாய் வரவில்லை. எங்களை வைத்துப் பிடுங்கப் பார்த்தார். அதற்காக அவரைக் கோபிக்க என்னால் முடியவில்லை. டீச்சரும் கோபிக்கவில்லை; ஊன்றுகோலின் பிடியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஏறி இறங்கி ஒரு நாளில் அவரால் எத்தனை வகுப்புக்குப் போக முடியும் என்று நானும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்று. மழை பெய்தால் அதுவும் இல்லை.

நானா செருப்பைக் கழற்றினார். "டீச்சர், ஒரு சுத்துப் போயிட்டு வருவம். பயமில்லாத ரோட்டுலேயே போவம்."

கம்பளை வீதியில் ஓட்டினார் டீச்சர். நான் முன் சீட்டில், நானா பின்னால் கண்ணை மூடிக்கொண்டு. டீச்சரின் வலது கால் பெடலில் ஒரு பூனையின் கால்போல இருந்தது. "இப்ப பாருங்க" என்றார். "ரெண்டு நல்லாத்தான் போகும். மூணுக்கு முன்னால ஒரு மூச்சு இழுக்கும். அந்த மூச்சு இப்பக் கொஞ்ச நாளா நீளமாப் போகுது." சொன்னபடியே இஞ்சின் ஒரு தரம் வெறுமனே உயர்ந்து கத்தி, பிறகு கார் திடுக்கென்று பிடித்தது. பின்னாலிருந்து நானா, "சூடேறினாக் கூடுமா, கொறையுமா?" என்றார். "கூடும்." "ஏத்தத்துல நிப்பாட்டி எடுத்தா?" "அன்னைக்கு எடுக்கவே இல்ல."

கராஜுக்குத் திரும்பியதும் பெட்டியின் அடித்தட்டை இறக்கினோம். ஒயில் காப்பி நிறத்தில் இறங்கியது. தட்டின் மூலையில் ஒரு சிறு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோலப் படிந்திருந்தால் அது தேய்மானம், கவலையில்லை. இதில் பசையோடு மினுங்கும் துண்டுகள். பெட்டியை இறக்கிப் பிரித்தோம். இடுப்பில் உடுத்துகிற வெள்ளைச் சாரம் ஒன்றை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக அடுக்கினேன். மூன்றாவது கியரின் பிளேட்டுகள் கருகியிருந்தன. ஆனால் நானா அதைப் பார்க்கவில்லை. நடுவிலிருக்கும் சின்னச் சின்னப் பற்சக்கரங்களை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினார். அவை நீலம் பாரித்திருந்தன. ஒயில் இல்லாமல் சுற்றிய இரும்பின் நீலம்.

ஒட்டோ பெட்டிக்குள் ஒயிலைத் தள்ளுகிற பம்பை இஞ்சின்தான் சுற்றுகிறது. இஞ்சின் நின்றால் ஒயிலும் நிற்கும். சக்கரம் ஓடினால் பெட்டியின் உள்பாகங்கள் காய்ந்தபடி சுற்றித் தேயும்; அந்தத் தூள் ஒயிலோடு போய்ப் பிளேட்டையும் கெடுத்து வழுக்கவைக்கும்.

நானா அண்ணனையும் தங்கையையும் கூப்பிட்டார். "இஞ்சின நிப்பாட்டிட்டு எறக்கத்துல ஆராவது உருட்டிக்கொண்டு போனீங்களா?"

"ஆமாங்க, நான்தான்" என்றார் சிவநாதன் உடனே, ஒரு நல்ல காரியத்தைச் சொல்லுகிற மாதிரி. "பெற்றோல் இல்லாத காலத்துல. ஹந்தானையில இருந்து டவுன் வரைக்கும் நியூட்ரல்ல விட்டா ஒரு சொட்டு செலவில்ல. வரிசையில நின்னு அடிச்சதெல்லாம் இவ கிளாஸுக்கு மிச்சமாகும்ல."

 நானாவின் கையிலிருந்த நீலச் சக்கரத்தைச் சிவநாதன் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். மலையிலே பிறந்து வளர்ந்தவன் இறக்கத்தைக் கண்டால் இஞ்சினை நிறுத்தத்தான் செய்வான். மெனுவல் காரில் அதனால் பெட்டிக்கு இப்படி ஒன்றும் ஆகாது. இவரும் வேறு விதமாக யோசித்திருக்க வழியில்லை.

"அப்ப அன்னைக்கு வளைவுல..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

டீச்சர்தான் பேசினார். "அண்ணே, அந்த வருசம் ஊர்ல எல்லா டியூஷனும் நின்னுச்சு. என் பிள்ளைங்களுக்கு மட்டும் நிக்கல. அது எந்தப் பெற்றோல்ல நடந்துச்சுன்னு நெனைக்கிற?"

சிவநாதன் வெளியே போய் வீதியோரத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து நானாவிடம் கேட்டார்: "இதச் சரிப்படுத்த என்ன சாமான் வேணும்? நான் தேடுறேன்."

தேடினார். கடையில் லீவு போட்டுவிட்டுப் பழைய கார் உடைக்கிற இடங்களிலெல்லாம் ஏறி இறங்கினார். முழுப் பெட்டியாக ஒன்று கிடைத்தது. நானா அதை அப்படியே போட மறுத்துவிட்டார். யார் எப்படி ஓட்டிய பெட்டியோ. அதைப் பிரித்து, பற்சக்கரக் கூட்டத்தை மட்டும் எடுத்தோம். பிளேட்டும் சீலும் புதிது. தேய்ந்த புஷ் வளையத்தைப் பக்கத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம்.

பையன்கள் கேட்டது இந்த இடம்தான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். புதுப் பிளேட்டைக் காய்ந்தபடி போடாதீர்கள். புது ஒயிலில் ஊறப்போடுங்கள், அது குடிக்கட்டும். வால்வுத் தட்டில் மிளகு அளவில் இரும்புக் குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் குழி. கவிழ்க்கும்போது விழாமலிருக்க வாஸ்லின் தொட்டு ஒட்டுங்கள். கிரீஸ் வேண்டாம், அது கரையாமல் துளையை அடைக்கும். ஒயில் குளிர்கிற குழாயைக் கழுவ மறக்காதீர்கள். பழைய தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். வட்டமான றப்பர் சீலை உள்ளே இறக்கும்போது அதன் உதடு மடியும். நானா தூண்டில் நரம்பில் ஒரு கண்ணி போட்டு, அந்தக் கண்ணியால் உதட்டைச் சுற்றிவர உள்ளே தள்ளுவார், குழந்தைக்குச் சட்டைக் கையை மாட்டிவிடுகிற மாதிரி.

காரில் ஏற்றுவதற்கு முன் காற்று வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியில் ஒவ்வொரு கிளச்சுக்கும் ஒரு துளை. அதில் காற்றை விட்டால் உள்ளே பிளேட்டுகள் சேர்ந்து 'டப்' என்று ஒரு சத்தம் வரும். முதலாவது, டப். இரண்டாவது, டப். மூன்றாவதில் 'புஸ்ஸ்' என்றது.

பார்த்துக்கொண்டிருந்த சிவநாதனின் முகம் விழுந்துவிட்டது. "சரிவராதா?"

"அது செரிவராது. நாங்க செரிப்படுத்துவம்" என்றார் நானா. மறுபடி எல்லாம் சாரத்துக்கு வந்தன. சீலின் உதடு நூலளவு மடிந்திருந்தது. புதிதாக ஒன்று போட்டு, கண்ணியை இரண்டு தரம் சுற்றி, மறுபடி மூடி, மறுபடி காற்று. டப். நானா பிளேன்டீக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். நான் அதைச் சிவநாதனிடம் தள்ளினேன்.

கார் தயாரான பின்னேரம் டீச்சர் வந்தார். சாவியை அவர் எடுக்குமுன் சிவநாதன் கேட்டார்: "பாஸ், இனி அந்த ஏத்தத்துல வழுக்காதுன்னு சத்தியமாச் சொல்லுவீங்களா?"

"சத்தியம் பண்ண ஏலா தம்பி. இரும்புதானே" என்றார் நானா. செருப்பைக் கழற்றினார். "நான் வாறன் பின்னுக்கு. நீங்களும் ஏறுங்க."

டீச்சர் ஓட்ட, நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். பேராதனை தாண்டி ஹந்தானை வீதியில் ஏறினோம். இரண்டிலிருந்து மூன்றுக்கு அது மாறியதை நான் காதால் பிடிக்கப் பார்த்துத் தவறவிட்டேன். அந்த வளைவு வந்தது. ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலையும் பிறகு வெறும் ஆகாயமும். டீச்சர் அங்கே காரை நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டுற?" என்றார் அண்ணன்.

"இங்கதானே எடுக்கல."

இஞ்சின் சூடு, சாய்ந்த வீதி, நான்கு பேரின் பாரம். கைப்பிரேக்கைப் போட்டிருந்தார். பின் கண்ணாடியில் தெரிந்தது, சிவநாதன் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். நானா கண்ணை மூடியிருந்தார். டீச்சர் கைப்பிரேக்கை விட்டார். கார் பின்னால் ஒரு விரலளவுகூடப் போகவில்லை. அப்படியே நின்று, கழுத்தை முன்னே நீட்டி ஏறத் தொடங்கியது. வீட்டு வாசலில்தான் நின்றது. சிவநாதனின் கை எப்போது கைப்பிடியை விட்டது என்று நான் பார்க்கவில்லை.

எங்கள் இருவரையும் கெலிஓயாவில் திரும்ப விட வேண்டும். பஸ் பிடித்துப் போகிறோம் என்றேன், டீச்சர் கேட்கவில்லை. சிவநாதன் இறங்கினார். தானும் வருவார் என்றுதான் நினைத்தேன். இருட்டுவதற்குள் டீச்சர் அந்த வளைவைத் தனியே தாண்டித் திரும்பி வர வேண்டுமே. முன்பக்கம் சுற்றி வந்து தங்கையின் கண்ணாடியில் கை வைத்தார். கீழே வளைவு இருந்த திசையைப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"வர்றப்ப ராத்திரிக்குச் சாப்பிட ஒரு றாத்தல் பாண் வாங்கிட்டு வா."